கவரை மடிக்க இரண்டு பேர்

ஆரஞ்சுத் தோல்கள் கார் கவரோடு ஒட்டிப்போயிருந்தன. மகள் நகத்தால் சுரண்டி ஒவ்வொன்றாக வாளிக்குள் போட்டாள். சிலவற்றின் அடியில் பச்சையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஒன்று விரல்களுக்கு நடுவே கூழாக நசுங்கியது. ஷெட்டுக்குள் வினிகர் நெடியும் அந்துருண்டை நெடியும் கலந்திருந்தன. இரண்டுக்கும் அடியில், எதைத் தெளித்தாலும் போகாத பூனை மூத்திர நெடி.

அவள் எளிதில் அருவருப்படைகிறவள் அல்ல. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறாள். யார் யாருடைய வாயிலிருந்தோ எடுத்த அச்சுகள் எச்சில் காயாமல் அவள் மேசைக்கு வரும். அவற்றைக் கழுவி வைத்துவிட்டு அதே மேசையில் சாப்பிடுவாள். இன்றைக்கு மட்டும் அடிக்கடி வாசலுக்குப் போய் மூச்சு வாங்கிவிட்டு வந்தாள்.

"அட்டைங்களைப் பார்த்து நட. செருப்புல ஒட்டிக்கும்," என்றார் அப்பா.

காரைச் சுற்றித் தரையில் பசை நாடா ஒட்டிய அட்டைகள், பசைப் பக்கம் மேலே இருக்க, வரிசையாகக் கிடந்தன. ஆரஞ்சுத் தோலும் வினிகரும் போல, பூனையைக் காரிடம் அண்டவிடாமல் விரட்ட அப்பா கண்டுபிடித்த வழி. எல்லா அட்டையிலும் முடி அப்பியிருந்தது. ஒன்றில் ஒரு முழு நகம் இருந்தது.

அம்மா நேற்றுக் காலை நெஞ்சு வலியில் இறந்துபோனாள். இன்று இரண்டு மணிக்கு மருத்துவமனையிலிருந்து நேராக மயானத்துக்குக் கொண்டுவருவார்கள். வேனில் போகலாம் என்று மகள் சொன்னதற்கு அப்பா ஒப்பவில்லை. "சொந்த வண்டியை வச்சுக்கிட்டு வேன்ல போய் இறங்கினா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" அதனால்தான் இப்போது இந்த வேலை.

இத்தனைக்கும் நேற்று கார் வெளியே போய்வந்திருந்தது. மாலையில் அவள் வந்து சேர்ந்தபோது அப்பா ஷெட்டுக்குள், பல்லில் ஒரு துண்டு நாடாவைக் கடித்துக்கொண்டு நின்றார். மனைவியை மருத்துவமனையில் விட்டுவிட்டு வந்து, காரைத் துடைத்து, கவரைப் போட்டு, எடுத்து வைத்திருந்த அதே பழைய தோல்களைத் திரும்பவும் பரப்பியிருந்தார். "வந்துட்டியா? கதவைச் சாத்து, அதுங்க வந்துடும்," என்றார்.

அப்பா பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் அவசரத்துக்கு என்று சொல்லி இந்தப் பழைய காரை வாங்கினார். அவசரம் எதுவும் வரவில்லை. ஞாயிறுதோறும் பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு மூடிவைப்பார். அந்தச் சூட்டுக்குத்தான் பூனைகள் பானெட்டின் மேல் ஏறின. "மூணு பேருக்கும் ஹீட்டர் போட்டுக் குடுத்துட்டு அப்புறம் அதுங்களையே திட்டுறாருடி உங்கப்பா," என்று அம்மா போனில் சிரிப்பாள். அவளுடைய பூனைகள். பெரியவன் மேனேஜர். கறுப்பி கடுகு. மூன்றாவதுக்குப் பெயர் வைக்க நேரம் கிடைக்கவில்லை. 'ஏய்' என்றால் வரும். இப்போது மூன்றும் குளியலறையில் அடைபட்டுக் கத்திக்கொண்டிருந்தன.

உடனே வந்து சேர முடியாத தூரத்தில் இருந்த அண்ணன் போனில் வந்தான்.

"அப்பாவை இன்னைக்கே உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேல்ல?"

"சொல்லிட்டேனே. ரூமை ஒழிச்சு வச்சாச்சு."

"உன் குரல் ஒரு மாதிரி இருக்கு. கடைசி நேரத்துல மாத்திடாத. அவருக்குச் சுடுதண்ணி போடக்கூடத் தெரியாது."

"காருக்குச் சட்டை போடத் தெரியுது."

"பூனைங்களை மீன் மார்க்கெட் பக்கம் விட்டுடு. நம்மளைவிட நல்லா இருக்கும்."

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா டீயோடு வந்தாள். வாசலிலேயே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். "அப்பப்பா! மூக்கைக் கழட்டி வெளிய மாட்டிட்டுத்தான் வரணும்."

"பூனை நாத்தம்," என்றார் அப்பா.

"பாதி உங்களோடதுண்ணே. ஊறுகாய் மாதிரி வினிகர்ல ஊறிப்போய் நிக்கிறீங்க." சொல்லிவிட்டு, இழவு வீடு என்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அக்கா இருந்தா சிரிச்சிருப்பாங்க." பிறகு மகளிடம் தாழ்ந்த குரலில், "நேத்து நான் வாடகை வண்டிக்குப் போன் பண்றேன்னுதாம்மா சொன்னேன். அண்ணன்தான் நம்ம வண்டி இருக்கேன்னு..."

அப்பா ஏறிட்டுப் பார்த்தார். தையல்காரம்மா டம்ளரை மகள் கையில் திணித்தாள். "ஆறிடும். குடி," என்று கிளம்பிவிட்டாள்.

தோல்களும் அட்டைகளும் அகற்றியாகிவிட்டது. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்ப கவர். நீ அந்தப் பக்கத்து ரெண்டு முனையையும் பிடி. தரையில படக்கூடாது."

அவள் பிடித்தாள். வினிகரில் நனைந்து காய்ந்த துணி மொடமொடவென்று இருந்தது. இருவரும் இழுத்து விறைப்பாக்கி, நெருங்கி வந்து, முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலகினார்கள். பாதியானது. காலானது. தூசியும் பூனை முடியும் அவள் உதட்டில் வந்து ஒட்டின. கடைசி மடிப்பில் அப்பாவின் விரல்கள் அவள் விரல்களின் மேல் பட்டன. அவர் மூட்டையை வாங்கி அலமாரியின் மேல் வைத்தார்.

"தோல், அட்டை, கவர் எல்லாம் சேர்த்து ஒன்பது நிமிஷம். பரவாயில்ல. நேத்து பதினோரு நிமிஷம் ஆச்சு."

"நேத்தா?"

"உங்கம்மாவால இடது கையைத் தூக்க முடியல. வலிக்குதுன்னா. அப்படியும் பிடிச்சா, பாவம். அவ பிடிக்கலன்னா நான் தனியா மடிக்க இன்னும் நாலு நிமிஷம் ஆயிருக்கும்."

மகள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

"அம்மா இங்க நின்னாங்களா?"

"நிக்க வைப்பேனா? அந்த வாளியைக் கவுத்துப் போட்டு உட்கார வச்சேன். கவருக்கு மட்டும் எந்திரிச்சா." அவர் குரலில் ஒளிவு எதுவும் இல்லை.

"உருவி வீசிட்டுப் போயிருக்கலாமேப்பா."

அப்பா உண்மையிலேயே புரியாமல் அவளைப் பார்த்தார். "வீசுனா மேனேஜர் அதுல மூத்திரம் பேஞ்சு வைப்பான். திரும்பி வந்து யாரு துவைக்கிறது? அவதானே துவைக்கணும்?"

வாளி அவள் காலடியில் இருந்தது. அழுகிய தோல்களின் மேல் சின்னச் சின்ன ஈக்கள் மொய்த்தன. அவள் குழாயடிக்குப் போய்க் குனிந்தாள். டீ அப்படியே வெளியே வந்தது.

"வெறும் வயித்துல குடிச்சா அப்படித்தான்," என்றார் அப்பா பின்னாலிருந்து. அவள் முதுகைத் தடவ வந்த கையைத் தோளால் உதறித் தள்ளினாள்.

மயானத்தில் இருபது பேர்போல வந்திருந்தார்கள். பெரும்பாலும் டெப்போக்காரர்கள். அப்பா ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னார். ரெண்டு சிக்னல்ல மாட்டிக்கிட்டோம்."

"அந்தச் சிக்னலா? அதுல நின்னா பையனுக்குக் கல்யாணமே முடிச்சிடலாம்," என்றார் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர். எல்லோரும் சிக்னலைத் திட்டினார்கள். அப்பாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து மீசையில் இறங்கியது. மெய்யான கண்ணீர்தான். அது மெய்யாக இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பதினோரு நிமிஷம் என்று அவள் வாயைத் திறந்தால் போதும். இருபது பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதன்பின் அவரை யார் வீட்டுக்கும் யாரும் கூட்டிப்போக வேண்டியிருக்காது.

அம்மாவின் முகத்தை மூடப்போகும்போது மகளை அழைத்தார்கள். நெற்றியைத் தொடக் கை நீட்டினாள். மூன்று முறை சோப்புப் போட்டும் விரல்களில் அந்த நெடி அப்படியே இருந்தது. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"தொடும்மா," என்றார் யாரோ.

அவள் தொடவில்லை. பதினோரு நிமிஷத்தைப் பற்றி யாரிடமும் சொல்லவும் இல்லை.

வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. அப்பா ஒரு பெட்டியோடு காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தலையை வாரியிருந்தார்.

"உன் வீட்ல ஷெட்டுக்குக் கதவு இருக்கா?"

"இருக்கு."

"அடியில இடுக்கு இருக்குமா? அக்கம்பக்கத்துல பூனை யாராவது..."

அவள் வீட்டுக்குள் போய்க் குளியலறையைத் திறந்தாள். தரையெங்கும் அசிங்கம் பண்ணி வைத்திருந்தன. மேனேஜர் அம்மாவின் துண்டை இழுத்துக் கீழே போட்டு அதன் மேல் படுத்திருந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனைத் துண்டோடு தூக்கினாள். அவன் அவள் மணிக்கட்டைக் கீறினான். கொண்டுபோய்க் காரின் பின்கதவைத் திறந்து உள்ளே விட்டாள். திரும்பிப் போய்க் கடுகைத் தூக்கிவந்தாள். 'ஏய்' தானாகவே பின்னால் வந்து ஏறிக்கொண்டது.

"கூண்டு இல்லாமயா?" அப்பாவின் குரல் கம்மியது. "சீட்டெல்லாம்..."

"சாவியைக் குடுங்க."

கொடுத்தார். அவள் ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினாள்.

"வர்றதுன்னா ஏறுங்கப்பா."

அப்பா ஷெட் அலமாரியின் மேலிருந்த கவர் மூட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் அதை எடுத்துவரச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினார்.

தெருமுனை திரும்புவதற்குள் பின் சீட்டில் நகம் பட்டுத் துணி கிழிகிற சத்தம் ஆரம்பித்தது. நிதானமாக, நீள நீளமாக. அப்பா திரும்பவில்லை. பெட்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். சிக்னலில் சிவப்பு விழுந்தது. மகள் வண்டியை நிறுத்தினாள். இருவரும் எதிரே பார்த்தார்கள்.

'ஏய்' அவர் தோள் வழியாக ஏறி, திறந்திருந்த சன்னலுக்கு வெளியே தலையை நீட்டியது. பக்கத்தில் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு வந்து நின்றது. அப்பா பூனையின் தலையை உள்ளங்கையால் மெல்ல உள்ளே தள்ளிவிட்டு, சன்னல் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கண்ணாடியை முழுவதும் ஏற்றினார்.