சஹனில் கட்டிய கறி மலை

கல்யாண மண்டபத்துப் படியில் செருப்பைக் கழற்றும்போது ரூமானாவின் வயிறு சத்தம் போட்டது.

"ம்மா! எனக்குப் பசிக்குது! நிஜமாப் பசிக்குது!"

அவள் அம்மா ஜஹபர் நிஷா அங்கேயே அவளைக் கட்டிக்கொண்டாள்.

பசிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று சிரிக்காதீர்கள், கண்ணுகளா. சாப்பிடப் பயந்து பயந்து, பசியே மரத்துப்போய், ஆஸ்பத்திரி வரை போய் வந்த பெண் அவள். நெடுநாள் மணி பார்த்து, அளந்து வைத்ததைத்தான் சாப்பிட்டாள். உடம்பு தேறிய பிறகுதான் உணவு ஆலோசகர் பூவிழி அடுத்த படிக்கு வந்தார்.

"இனிமே கொஞ்சம் கொஞ்சமா உன் வயித்தக் கேட்டுச் சாப்பிட்டுப் பழகும்மா. பழைய பயம் வந்தா உடனே எங்கிட்ட சொல்லு," என்றவர் அம்மா பக்கம் திரும்பினார். "வீட்டுல யாரும் அவ தட்டப் பாக்கக்கூடாது."

பார்க்க மாட்டேன் என்று அம்மாவும் சொல்லியிருந்தாள். ஆனால் கல்யாணத்தில் சஹன் சாப்பாடு. ஒரே பெரிய தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். பிரியமானவர்கள் பக்கம் நல்ல கறியைத் தள்ளிவிடுவது வழக்கம். தட்டே பொதுவாகிவிட்டால் அம்மா எங்கே பார்ப்பாள்?

கூரையைப் பார்த்துக்கொண்டே தள்ளினாள். ரூமானா ஒரு வாய் எடுத்தால் இரண்டு துண்டு வந்து விழுந்தது.

"தட்டப் பாக்க மாட்டேன்னுட்டு மலையே கட்டிட்டீங்களே பெரியம்மா!" என்றாள் எதிரே இருந்த சித்தி மகள் லமீஸ்.

ரூமானாவுக்கும் சிரிப்பு வந்தது. உடனே பழைய பயமும் வந்தது. எவ்வளவு உள்ளே போயிற்று? இந்தத் தட்டில் எப்படிக் கணக்குப் பார்ப்பது? கையை நிறுத்திக் கண்ணை மூடினாள். வயிறு அமைதியாக, இதமாக இருந்தது.

"எனக்கு நெறஞ்சிடுச்சும்மா."

அம்மாவின் முகம் வெளுத்தது. இதே சொல்லைச் சொல்லிச் சொல்லித்தானே முன்பு பட்டினி கிடந்தாள்? இன்னொரு துண்டை எடுத்த கை பாதியில் நின்றது.

"பசிக்குதுன்னப்ப நம்புனீங்கல்ல? இதையும் நம்புங்க," என்றாள் ரூமானா.

அம்மா ஒரு கணம் மகளைப் பார்த்தாள். பிறகு அந்தத் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். ஆனாலும் மனது கேட்கவில்லை. கிளம்பும்போது ஒரு டப்பா பிரியாணியைக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஆட்டோ கடற்கரைப் பக்கம் திரும்பியது. அம்மா பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ம்மா, மறுபடியும் பசிக்குது!"

டப்பா மூடி படாரென்று திறந்தது.

"அது வேணாம்மா. அதோ, அந்த மாங்கா சுண்டல்!"

"பிரியாணிய வச்சிக்கிட்டு சுண்டலாடீ?"

"நாக்கு அதத்தான் கேக்குது!"

அவள் ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாதி எழுந்து ஆட்டோக்காரரின் தோளைத் தட்டினாள்.

"நிறுத்துப்பா, நிறுத்து! என் பொண்ணுக்குச் சுண்டல் வேணுமாம்!"