மூன்றாவது பிளக்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது அல்ல. புத்தூரில் ஜமால் பாயின் ஒர்க்‌ஷாப்பில் என் ஸ்கூட்டருக்காகக் காத்திருந்தபோது, பக்கத்து ஸ்டூலில் இருந்த பெலிண்டா புலம்பியதைக் காதில் போட்டுக்கொண்டேன். ஒட்டுக்கேட்பதற்கு எழுத்தாளர்கள் வைத்திருக்கும் பெயர் கூர்ந்த கவனிப்பு. முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

காவிரிப் பாலத்தின் மீது பொன்னிறக் காலை வெயில் விரிந்து கிடக்க, ஒரு பழைய கார்

(வேண்டாம். பாலத்தில் வெயிலைப் பார்க்க யாருக்கு நேரம்? பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார்.)

ஒரு பழைய கார் மிஸ்ஸிங் அடித்தது. நாலு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாமல் மற்ற மூன்றின் உழைப்பில் உட்கார்ந்திருந்தால் வண்டி குலுங்கும். கூட்டுக்குடும்பத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கார் பெலிண்டாவுடையது. கைலாசபுரத்தில் ரிட்டையர் ஆன ஒருவரிடம் வாங்கியது. வயதில் கார் அவளுக்கு அக்கா. அவள் வீட்டிலேயே முட்டையில்லாத கேக் செய்து ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுபோய் விற்கிறாள். "முட்டை இல்லேன்னு சத்தியமா சொல்லுங்கோ" என்று கேட்ட வீடுகளை எல்லாம் ஒருவழியாக நம்ப வைத்தாயிற்று. இப்போது கார் குலுங்கி க்ரீம் சரிகிறது. போன வாரம் ஒரு குழந்தைக்கான பிறந்தநாள் வாழ்த்து, கேக்கில் இல்லாமல் டப்பா மூடியில் ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. வரும் ஞாயிறு சித்திரை வீதியில் ஒரு அறுபதாம் கல்யாணம், மூன்றடுக்கு கேக். அதுவும் சரிந்தால் ஸ்ரீரங்கம் கைவிட்டுப் போகும். ஸ்ரீரங்கம் போனால் தொழிலே போயிற்று.

"அந்தச் சனியனை வித்துத் தொலைடி. பஸ்ல போயேன்," என்பாள் அம்மா லூர்துராணி. அந்தக் காரில் காலை வைக்க மாட்டேன் என்று சபதமே போட்டிருந்தாள்.

3

(ஒன்றுக்குப் பிறகு மூன்றா? நாலு சிலிண்டர் என்ஜினில் தீப்பொறி பாயும் வரிசை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. கதைக்கும் அதையே வைத்தேன். நீங்கள் பாட்டுக்கு மேலிருந்து கீழே படியுங்கள்.)

ஜமால் பாய் என்ஜினை ஓடவிட்டு, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். முதல் ஒயரைப் பிடுங்கியதும் என்ஜின் திணறியது. இரண்டாவதற்கும் திணறியது. மூன்றாவதைப் பிடுங்கினார், ஒரு மாற்றமும் இல்லை.

"இதாங்க செத்துப்போனது. இருந்தும் இல்லாத மாதிரி."

புது பிளக் போட்டதும் வண்டி சரியாகிவிட்டது. அன்று வீட்டில், வெங்காயம் உரித்துக்கொண்டே, அக்கறையே இல்லாதவள் போல லூர்துராணி கேட்டாள்: "எதுலதான் கோளாறாம்?"

"முன்னாடியிலேர்ந்து மூணாவதும்மா."

மறுநாள் காலை மறுபடி மிஸ்ஸிங். பாலம் முழுக்கக் குலுங்கி, அக்கரையில் மாம்பழச்சாலை வந்ததும் சரியாகிவிட்டது. திரும்பி வரும்போது ஒரு குறையுமில்லை. தினமும் இதே கூத்து. மத்தியானம் பாயிடம் கொண்டுபோனால் வண்டி உத்தமி.

"டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் ஓடிப்போவுதே!" என்றவர் ஒயரை மாற்றினார், காயிலை மாற்றினார், கடைசியில் கருத்தையும் மாற்றினார். "போறப்ப மட்டும்தானே அடிக்குது? வண்டிக்கு ஸ்ரீரங்கம் புடிக்கலையோ என்னமோ."

"வண்டிக்கு ஏது பாய் மதம்?"

எனக்கு இந்த ஜமால் பாய் மேல் சந்தேகம் வந்தது. கதையில் ஒரு மெக்கானிக் வந்தால், என்ஜினில் காதை வைத்த மாத்திரத்தில் கோளாறைச் சொல்லிவிட வேண்டாமா? இவர் டீதான் சொன்னார்.* அவருடைய சோதனையை அவருக்கே செய்தேன். கதையிலிருந்து அவரைப் பிடுங்கிவிட்டுப் படித்துப் பார்த்தேன். குலுங்கியது. திரும்ப மாட்டிவிட்டேன்.

* என் ஸ்கூட்டரும் இன்னும் சரியாகவில்லை.

4

சனிக்கிழமை காலை. சமையலறையில் க்ரீம் அடித்துக்கொண்டிருந்த பெலிண்டா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். காரின் பானெட் திறந்திருந்தது. அதன் முன்னால் முக்காடு போட்டுக்கொண்டு அம்மா. கையில் வேளாங்கண்ணித் தீர்த்தம், மாதா உருவத்தில் வரும் அந்த பிளாஸ்டிக் பாட்டில். விரலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, மூன்றாவது பிளக்கின் குழியில் பிதா பெயரால் கொஞ்சம், சுதன் பெயரால் கொஞ்சம், பரிசுத்த ஆவியின் பெயரால் தாராளமாக ஊற்றினாள். நோய் இருக்கும் இடத்தில்தானே மருந்து போட வேண்டும்? பானெட்டைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு உள்ளே வந்தாள்.

"இன்னுமா அந்தச் சனியனை விக்கல?"

பெலிண்டாவுக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. பழைய பிளக்கோடு வியாதி தீர்ந்துவிட்டது. அதன்பிறகு அடித்ததெல்லாம் அம்மா தினமும் ஊற்றிய தீர்த்தம். குழியில் தண்ணீர் நின்றால் மின்பொறி பிளக்குக்குப் போய்ச் சேராது. என்ஜின் சூடேறித் தண்ணீர் காய்வதற்குள் பாலம் முடிந்துவிடும். வண்டி குலுங்கக் குலுங்க அம்மாவின் ஜெபம் கூடியது. ஜெபம் கூடக்கூட வண்டி குலுங்கியது.

சொல்லிவிட வேண்டியதுதானே என்கிறீர்கள். எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: "ஊத்தாதம்மா, அதனாலதான் குலுங்குது." லூர்துராணியின் முகம் செத்துப்போகிறது. தினமும் மகளின் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புகிறவள், மறுநாள் கையைத் தூக்கவே பயந்து (இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.)

முடிவு ஆ: தெருமுனையில் நிறுத்தி, பெலிண்டா ரகசியமாகத் துடைத்துவிடுகிறாள். கார் குணமாகிறது. மாதா செய்த புதுமை, அற்புதம் என்று லூர்துராணி பங்குக் கோயில் முழுக்கச் சொல்கிறாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அத்தனை கார்களும் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கின்றன. திங்கட்கிழமை ஜமால் பாய் இன்னொரு ஷெட் வாடகைக்குப் பிடிக்கிறார்.

இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் லூர்துராணி விடவில்லை.

2

ஞாயிறு. பெலிண்டா குழியைத் துடைக்க ஒரு துணியை இடுப்பில் தயாராகச் செருகியிருந்தாள். கேக்கைப் பின்சீட்டில் வைக்கப் போகும்போது, பூசைக்குப் போய்வந்த பட்டுப்புடவையோடு அம்மா முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"பின்னாடி வெச்சா சரியும்டி. குடு, நான் மடியில வெச்சுக்கறேன்."

"கால வைக்க மாட்டேன்னு சொன்ன?"

"ஸ்டார்ட் பண்ணு. இன்னைக்கு ஒண்ணும் ஆவாது."

அவள் புடவை முனை ஈரமாக இருந்தது. ஊற்றியாகிவிட்டது. முகூர்த்தம் நெருங்கிவிட்டதால் என்ஜின் காயும்வரை நிற்கவும் நேரமில்லை. தெருமுனை தாண்டியதும் வண்டி குலுங்க ஆரம்பித்தது. மூன்றடுக்கும் லேசாக ஆடின. லூர்துராணி கேக்கை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். பயம் அவள் குரலில் தெரிந்தது.

"பெலிண்டா, கை ரெண்டும் இதுல மாட்டிக்கிச்சு. எனக்கு ஒரு சிலுவை போட்டுவிடுடி."

பெலிண்டா கியரிலிருந்து இடது கையை எடுத்து, அம்மாவின் நெற்றியில் கட்டை விரலால் சிலுவை போட்டாள்.

எதிரே பாலம். ஓரமாக நிறுத்திப் பானெட்டைத் திறந்தால் கேக் பிழைக்கும், அம்மாவுக்குத் தெரிந்துவிடும். நிறுத்தாமல் ஏறினால்

கதையின் அடுத்த ஒயரை நான் பிடுங்கிவிட்டேன். வண்டி திணறுகிறதா, இல்லை ஒரு மாற்றமும் இல்லாமல் ஓடுகிறதா என்று நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்.