டிரம் தண்ணீரின் நிறம்

மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாள், ஆம்பூர் டேனரி கக்கூஸில் நின்ற ஜெயசீலனுக்குக் குலை நடுங்கிவிட்டது. சிறுநீர் ஆரஞ்சும் சிவப்புமாகப் போனது. அந்த வாரம் முழுக்க டிரம்மில் பதனிட்ட தோலுக்கு அவன் ஏற்றிய சாயமும் அதே நிறம். கழுவி விடுகிற தண்ணீரும் அச்சு அசல் அதே நிறம்.

பக்கத்தில் நின்ற, கூட வேலை பார்க்கும் ஷோயப் எட்டிப் பார்த்துவிட்டான்.

"இன்னாடா தோஸ்த், டிரம் தண்ணிய டீன்னு நெனச்சு குடிச்சிட்டியா?"

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். இவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போனில் தட்டித் தேடினான். சாயத்தால் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வரும் என்று ஒரு வெப்சைட் சொன்னது. அது நுரையீரலுக்குப் பரவினால் இருமல் வரும் என்று இன்னொன்று சொன்னது. இரண்டு மாதமாக இருமுகிறானே! டாக்டரம்மா சளியைப் பார்த்தார், டிபி என்றார், மாத்திரை கொடுத்தார். சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாரா?

அன்றே லீவு சொன்னான். அன்றே மாத்திரையையும் நிறுத்தினான். இரண்டே நாளில் நிறம் தெளிந்தது. அவ்வளவுதான், முடிவே கட்டிவிட்டான். டிரம்மை விட்டதும் சரியாகிவிட்டதே, அப்போது சாயம்தான். டிபியே இல்லை.

மாத்திரையை நிறுத்தியதைப் பற்றி மனைவி சோபனாவிடம் மூச்சு விடவில்லை; டிபிக்காகத்தான் லீவு என்று அவள் நம்பினாள். அவள் காலையில் ஷூ கம்பெனிக்குப் போனதும், ரெண்டு வயசுப் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனைத் தேய்ப்பான். முதுகு வலித்தால் ஒரு நோய், கால் மரத்தால் இன்னொரு நோய். சாகத்தான் போகிறோம் என்று பாப்பாவின் தலையை முகர்ந்துகொண்டே அழுவான்.

நாலு வாரம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா கிடந்த, டேனரிக்குப் போடும் அவனுடைய ரப்பர் கம்பூட்ஸைக் கழுவலாமென்று சோபனா கவிழ்த்தாள். பொலபொலவென்று மாத்திரைகள் கொட்டின.

"யோவ், இன்னாய்யா இது?"

"எனக்கு டிபி இல்ல சோபனா. சாயம் ஒடம்புல ஏறிடுச்சு. கேன்சரா இருக்கும். உன்கிட்ட எப்டி சொல்றதுன்னு..."

அவள் காதில் வாங்கவில்லை. பெரிய மாத்திரைகளுக்கு நடுவே கிடந்த பொடி மாத்திரைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் குழந்தைக்கு டிபி ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் கொடுத்தவை; பகலில் அவன்தான் பாப்பாவுக்குக் கொடுக்க வேண்டும்.

"பாப்பாவோடதையுமா?"

"எனக்கே இல்லாதப்ப அதுக்கு எதுக்கு? ஈரல் கெட்டுடும்னு போன்ல போட்டிருந்தான்..."

"எவன்?" கத்தினாள். "எவன்யா போட்டிருந்தான்? பேர் சொல்லு. ஊர் சொல்லு."

உள்ளே பாப்பா இருமியது. ஒரு வாரமாக இருமுகிறது. சாதா சளி என்றுதான் சோபனா நினைத்திருந்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பாப்பாவுக்கு எக்ஸ்ரே எடுத்துவிட்டு முழுக்கதையையும் கேட்ட டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சாயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த மாத்திரை போட்டா யாருக்கும் அப்படித்தான் போகும். மொத நாளே சொன்னேன். நீங்க போனையே பாத்துட்டிருந்தீங்க. நானும் திருப்பிக் கேக்காம அடுத்த ஆளைக் கூப்ட்டுட்டேன்."

"பாப்பாவுக்கு?" என்றாள் சோபனா.

"எக்ஸ்ரேல நெஞ்சுல நிழல் தெரியுது. வேலூருக்கு எழுதித் தர்றேன், இன்னைக்கே சேத்துடுங்க."

"பொழச்சிக்கும் இல்ல டாக்டர்?" என்றான் ஜெயசீலன்.

"ஒரு நாள்கூட விடாம மருந்து போனா தேறிடும். ஆனா உங்களைப் போல நடுவுல நிறுத்தினா கிருமி மருந்துக்கு அடங்காமப் போகலாம். உங்க சளிய மறுபடி பாக்கணும். உங்களோடது அடங்கலன்னா, பாப்பாவோடதும் அதே கிருமிதான்."

பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது.

"நானும் வர்றேன்," என்றான்.

"நீ வராத."

"நான் அப்பன்டி."

"அதாலதான் சொல்றேன்."

ஜன்னலோரம் உட்கார்ந்ததும் பாப்பா அவனைப் பார்த்துக் கையை நீட்டியது. இரண்டடி வைத்தான். நெஞ்சுக்குள் இருமல் முட்டியது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாஸ்க்கோடு சேர்த்து வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

"ஏறுறியா இல்லியாப்பா?" என்றார் கண்டக்டர்.

இல்லை என்று தலையை ஆட்டினான். பாப்பா நீட்டிய கையை மடக்கவில்லை. சோபனாதான் அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.