வராந்தா பெஞ்சு

ஓமானில், சலாலாவில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில், கர்ப்பிணிகளில் உள்ளூர்க்காரர்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். பிழைக்க வந்த ஆப்பிரிக்கப் பெண்கள் வராந்தா பெஞ்சில் கடைசிவரை காத்திருப்பார்கள். அவர்களில்தான் சாவு அதிகம். அதனால் 2006-இல் நானும் கூட வேலை பார்த்த நர்ஸ் ஜோஸ்மியும் ஒரு வழக்கம் தொடங்கினோம். பெஞ்சிலேயே பிரஷர் பார்ப்பது. அதிகமாக இருந்தால் முறைக்குக் காத்திராமல் உள்ளே அனுப்புவது.

"பெஞ்சு டாக்டரம்மா கிளம்பியாச்சா?" என்று ஜோஸ்மி என்னைக் கேலி செய்வாள். சில மாதம் நன்றாகத்தான் நடந்தது.

செலாம் எத்தியோப்பியாக்காரி, ஒரு டிரைவரின் மனைவி, எட்டு மாதம். தலைவலி, கண் மங்குகிறது என்றாள். பிரஷர் மிக அதிகம். சென்னையிலிருந்து வந்திருந்த டாக்டரிடம் ஓடினேன்.

"இவளுங்க எப்பவும் கத்துவாளுங்க சிஸ்டர். முறை வரட்டும்."

"ஃபிட்ஸ் வந்துரும் டாக்டர்."

"டாக்டர் நீங்களா, நானா?"

முறை வருவதற்குள் அந்தப் பெஞ்சிலேயே ஃபிட்ஸ் வந்தது. பிள்ளையை எடுத்துவிட்டார்கள். செலாம் பிழைக்கவில்லை.

விசாரணை வரும் என்று நம்பினேன். இரண்டு ஆட்கள்தான் வந்தார்கள், பெஞ்சைத் தூக்கிப்போனார்கள். முறை வரும்வரை இனி வெளியே நிற்க வேண்டுமாம்.

அந்தப் பெண்கள் சாரலில் மதிலோரம் நின்றார்கள். பிரஷர் பார்க்க ஆளைக் கொஞ்ச நேரமாவது உட்கார வைக்க வேண்டும். மெஷினோடு நின்ற ஜோஸ்மி, "எங்க இருக்க வைக்க, அக்கா?" என்றாள்.

ஒருத்தி வயிற்றைப் பிடித்தபடி ஈரத் தரையில் உட்கார்ந்தாள். வாட்ச்மேன் வந்து எழுப்பிவிட்டார்.