குவாமேயின் வாரிசு

குவாமே செத்துப்போன செய்தி ட்வுமாசிக்குச் சுவரொட்டியைப் பார்த்துத்தான் தெரிந்தது.

குவாமே மனுஷன் இல்லை. கணினியைத் திறந்ததும் கண்ணில் படுகிற முகப்பு. ஜன்னல்கள், பொத்தான்கள், மூலையில் ஒரு கடிகாரம், அவ்வளவுதான். குமாசி நகரத்துக் கணினிச் சங்கத்தார் பள்ளிக்கூடங்களுக்காக ஓர் இயங்குதளம் செய்து, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம் என்று திறந்துவிட்டிருந்தார்கள். அதற்கு முகம் குவாமே. சனிக்கிழமை பிறந்த ஆணுக்கு அந்த ஊரில் வைக்கிற பெயர் அது; முகப்பும் சனிக்கிழமைதான் வெளியானது. இப்போது குவாமேயை எழுதியவர்கள் இனி எங்களால் பராமரிக்க முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

சங்கத் தலைவி செர்வா, ஆதும் கடைவீதியில் இழவுச் சுவரொட்டி அடிக்கும் அச்சகக்காரி. விளையாட்டாக ஒன்று அடித்து ஒட்டினாள்: ‘குவாமே இறைவனடி சேர்ந்தார்.’ சாவு என்றால் ஊரே திரண்டுவிடுகிற குமாசியில் போய் இந்த விளையாட்டை விளையாடலாமா? மறுநாளே சிவப்பும் கறுப்புமாகத் துணி உடுத்திக்கொண்டு சனங்கள் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். நன்கொடையும் கொடுத்துவிட்டார்கள். வாங்கிப் போட்டுக்கொண்டு, பிணமே இல்லை என்று சொன்னால் செருப்பு பறக்கும். ஆகவே, புது முகப்பை ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்க வைத்திருந்த கூட்டம் குவாமேயின் இறுதிச்சடங்காக மாறிப்போனது.

போட்டியில் இருந்தவை இரண்டு முகப்புகள். ஒன்று ட்வுமாசி எழுதிய யாவ். எஜிசுவில் கணக்கு வாத்தியார் வேலைக்கு நடுவே, குவாமேயிலிருந்து பிரித்தெடுத்து, ஒண்டியாக உட்கார்ந்து வருஷக்கணக்காக வளர்த்தது. இன்னொன்று வங்கியில் வேலை பார்க்கும் ஒப்போங்கின் கோஃபி. பளபளப்பு, ஆட்டம், பாட்டம் எல்லாம் அதில் உண்டு. யாவைச் சங்கம் எடுத்துக்கொள்ளாவிட்டால் அதைத் தொட நாதி இருக்காது. இனியும் தனியாகச் சுமக்க ட்வுமாசிக்குத் தெம்பில்லை. யாவும் குவாமே போன வழியே போகவேண்டியதுதான்.

வியாழக்கிழமை செர்வா போன் செய்தாள்.

“ட்வுமாசி, சவப்பெட்டி உன் பொறுப்பு.”

“நான் எதுக்குக்கா வாங்கணும்?”

“அப்பனுக்குப் பெட்டி வாங்கறது யாரு? புள்ளதானே? உன் யாவ் குவாமேகிட்டருந்து பொறந்தவன்தானே?”

“ஆமாக்கா! அப்படிச் சொல்லுங்க!” என்று குளிர்ந்துபோய் போனை வைத்தான். சங்கத் தலைவியே யாவை மகன் என்று ஒத்துக்கொண்டுவிட்டாளே. தச்சனிடம் போய், பித்தளைக் கைப்பிடி வைத்த பெட்டியாகவே சொல்லிவிட்டு வெளியே வந்தபோதுதான் உறைத்தது. மகனா? நம்மூரில் மகனுக்கு என்ன கிடைக்கும்?

அவன் அப்பா இறந்தபோதும் இதே தச்சனிடம்தான் பெட்டி வாங்கினான். கோகோ தோட்டமும் வீடும் அப்பாவின் அக்கா மகனுக்குப் போயின. அதுதான் முறை, அதில் அவனுக்கு வருத்தமில்லை. ஆனால் சொத்தை எடுத்துக்கொண்டவன் அதற்கப்புறம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தம்பி தங்கைகளின் பள்ளிக்கூடச் செலவு முழுக்க ட்வுமாசியின் தலையில் விழுந்தது. அந்த எரிச்சல் இன்னும் அவனுக்கு ஆறவில்லை.

சனிக்கிழமை பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, காதைக் கிழிக்கிற ஒலிபெருக்கி. கட்டிலில் சங்கத்தின் பழைய கணினித் திரைக்கு வெள்ளைச் சரிகைத் துணி போர்த்தி, தங்கச் சங்கிலி போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். பக்கத்தில் கறுப்புத் துணி சுற்றிய பிரிண்டர். முன்பின் தெரியாத ஒரு பெண் திரையைக் கட்டிக்கொண்டு, “என்னை விட்டுட்டுப் போயிட்டியே குவாமே!” என்று கதறிக்கொண்டிருந்தாள். யாரோ அவளுக்கு ஒரு பாட்டில் மால்ட் பானம் கொடுத்து உட்காரவைத்தார்கள்.

செர்வா மைக்கைப் பிடித்தாள். “வாரிசு யாருன்னு இப்பப் பேசிடலாம்.”

“ஓட்டு போடலாம்னுதானே சொன்னீங்க?” என்றான் ட்வுமாசி.

“பொணத்த நடுவுல வச்சிக்கிட்டு ஓட்டாடா போடுவாங்க?” கூட்டம் அவள் பக்கம் தலையாட்டியது. “யாவோட அம்மா யாரு?”

“முகப்புக்கு ஏதுக்கா அம்மா?”

“ஜன்னல், பொத்தான் எல்லாம் செய்ய எந்த நிரல் கருவிப்பெட்டிய வச்சு எழுதினியோ அதான் அம்மா. குவாமேய எழுதின அதே கருவிப்பெட்டிதானா உன்னுது?”

“இல்லக்கா. பழைய கம்ப்யூட்டர்லயும் ஓடட்டும்னு வேற பெட்டிக்கு மாத்திட்டேன்.”

“குலம் தாய்வழிதானே. அப்ப வேற வயிறு, வேற குலம். ஒப்போங், உன்னுது?”

ஒப்போங் புதுத் துணியைத் தோளில் சரிசெய்துகொண்டு எழுந்தான். “கோஃபி, குவாமேக்கு முன்னாடியே வந்த ‘அமா’ங்கற முகப்புலருந்து பிரிஞ்சு வந்தவன். அமாவும் குவாமேயும் ஒரே பெட்டி.”

“ஒரு வயித்துப் பொறப்பு. அமா அக்கா, கோஃபி அக்கா மகன். மாமன் சொத்து மருமகனுக்கு. வேற யாருக்காவது பேச்சிருக்கா?”

யாருக்கும் இல்லை. மேளம் முழங்கியது. ஒப்போங் வெள்ளைக் கைக்குட்டையைச் சுழற்றி ஆடிக்கொண்டே ட்வுமாசியின் பக்கம் வந்தான். “வாத்தியாரே, பெட்டி ரொம்ப அழகு! கைப்பிடி பித்தளையா?”

ட்வுமாசி முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரே வீட்டில் இரண்டு தடவை கொள்ளை போனால் மனுஷன் என்ன பேசுவான்?

மூப்பர் ஒருவர் முன்னோர்களுக்கென்று மதுவைத் தரையில் ஊற்றினார். ஒப்போங் தன் பங்கை வாங்கி ஒரே மடக்கில் குடித்தான். ஏற்றுக்கொண்டேன் என்பதற்கு அதுதான் சாட்சி.

“குடிச்சிட்டியா?” என்றாள் செர்வா. “நல்லது. இப்ப மிச்சத்தையும் கேளு. சொத்த எடுத்தவன் குடும்பத்தையும் எடுக்கணும். மொதல்ல விதவை.”

“எந்த விதவை?”

செர்வா பிரிண்டரைக் காட்டினாள். குவாமேயைத் தவிர வேறு எவன் சொன்னாலும் ஒரு தாள் துப்பாத பிரிண்டர்.

“அக்கா! இது பிசாசுக்கா! இதுகூட யாரும் குடும்பம் நடத்த முடியாதுக்கா!”

“மாமன் நடத்தினாரே. அடுத்தது புள்ள. யாவுக்குச் சோறு போட்டு, படிக்கவச்சு, அவன்கிட்ட இருக்கற கோளாறெல்லாம் சரிபண்ணி ஆளாக்கறது இனிமே உன் வேலை.”

“இவர் எழுதினதுக்கு நான் எதுக்குக்கா மாரடிக்கணும்?”

“குடிச்சியா இல்லையா?”

கூட்டமே சேர்ந்து, “குடிச்சான்!” என்றது. ஒப்போங்கின் கைக்குட்டை தொங்கிவிட்டது. பிரிண்டரைத் தூக்கி அவன் காரில் ஏற்றிவிட்டார்கள்.

ட்வுமாசி சிரிக்கவில்லை. குடித்துவிட்டு மறந்துபோனவனை அவன் ஏற்கெனவே பார்த்திருக்கிறான்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக் கணினி அறையில் யாவைத் திறந்தான். ஒப்போங்கிடமிருந்து ஒரு திருத்தம் வந்திருந்தது. கரண்ட் போய் வந்தால் யாவின் கடிகாரம் தப்பு மணி காட்டும். ட்வுமாசி மண்டையை உடைத்துக்கொண்டும் பிடிபடாத கோளாறு அது. திருத்தத்தை வரிவரியாகப் படித்தான். அழகாகச் செய்திருந்தான் பாவி. கீழே ஒரு குறிப்பு: ‘பையன் லைட் போனா மணியை மறந்துடறான். சரி பண்ணிட்டேன். வேற என்ன தொல்லை பண்றான்? அவன் பெரியம்மா இன்னும் ஒரு தாள்கூடத் துப்பல.’

யாவைத் தொட்ட முதல் வேற்றுக் கை அது. அப்பாவின் தோட்டத்தை எடுத்துக்கொண்டவன் ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்து, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டிருந்தால் போதுமே என்று ட்வுமாசிக்குத் தோன்றியது. மாணவர்கள் பார்க்கிறார்களே என்றுகூடப் பாராமல் அழுதான்.

மூக்கைச் சிந்திவிட்டு, யாவில் மிச்சமிருந்த கோளாறுகள் அத்தனையையும் ஒன்றுவிடாமல் திரட்டி ஒப்போங்குக்கு அனுப்பினான். மேலே ஒரு வரி எழுதினான்:

‘பையனுக்கு இன்னும் பசிக்குதாம்.’