வண்டியை எடுக்கணும்

எங்க வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிறவர். மயிரிழை பிசகினாலும் கண்டுபிடிச்சுடுவார். ஊரார் பார்வையையெல்லாம் சரி பண்ற மனுஷன், அந்தப் பழைய ஜீப்பை வாங்கப் போன அன்னிக்கு மட்டும் தன் கண்ணை எங்க கழட்டி வெச்சிருந்தாரோ தெரியல.

ஜீப்னு ஒரு மரியாதைக்குச் சொல்றேன். வந்தப்போ அது முழுக்கத் துரு, நடுநடுவுல கொஞ்சம் இரும்பு. உள்ளே உட்கார்ந்து கீழே குனிஞ்சா தரையில போற எறும்பு தெரியும். கதவைத் திறந்தா கதவு கையோட வந்துடும். இழுத்துட்டு வந்தவங்க, அதோட மூக்கு எங்க வீட்டு ஷெட்டுச் சுவத்துல இடிக்கிற வரைக்கும் தள்ளிவிட்டுட்டு, திரும்பிப் பார்க்காம போயிட்டாங்க.

"காடு மேடெல்லாம் ஏறி இறங்கின வண்டிம்மா இது" ன்னார் இவர்.

"இப்போ நம்ம ஷெட்ல ஏறிடுச்சு. எப்போ இறங்கும்?" ன்னேன்.

சிரிச்சார். நான் சிரிக்கல. ஏன்னா அந்த ஷெட்டு மேல எனக்கு ஒரு கண்ணு. ரெடிமேட் துணிக்கடையில மாடிப்படிக்கு அடியில ஒரு மெஷினைப் போட்டு, வர்றவன் போறவன் பேன்ட்டையெல்லாம் குட்டையாக்கிக் கொடுக்கிறதுதான் என் வேலை. எழுந்தா தலை இடிக்கும், உட்கார்ந்தா முழங்கால் இடிக்கும். இனிமே சொந்தமா தையல் வகுப்புன்னு முடிவு பண்ணி, வேலையை விட்டேன். கடைக்காரம்மா சிரிச்சுக்கிட்டே, "போயிட்டு வா. ஆனா அந்த ஸ்டூலுக்கு வேற ஆள் சொல்லிட்டேன்" ன்னாங்க. அவ்வளவுதான், திரும்பிப் போக வழியில்லை.

வீட்டுக்கு வந்து இவர்கிட்ட சொன்னேன்.

"வகுப்புக்கு இடம்?" ன்னார், கையில உப்புத்தாளோட.

"நம்ம வீட்லதான். திங்கட்கிழமை ஆரம்பம். அதனால ஞாயித்துக்கிழமைக்குள்ள வண்டியை எடுத்துடணும்."

உப்புத்தாளைக் கீழே வெச்சார். கண்ணு பளபளன்னு ஆயிடுச்சு. "எடுத்துடறேன். உனக்காக எடுத்துடறேன்" ன்னார்.

இந்த மனுஷனைப் போய் திட்டினோமேன்னு எனக்கு மனசு உருகிப் போச்சு.

அன்னிலேர்ந்து இவர் பட்ட பாடு இருக்கே. கடை விட்டு வந்ததும் சட்டையைக் கூட மாத்தாம ஜீப்புக்கு அடியில படுத்துடுவார். கம்பி பிரஷ்ஷால தேய்ச்சுத் தேய்ச்சு, எழுந்து வரும்போது இவரே துருப்பிடிச்ச மாதிரி இருப்பார். பால் காய்ச்சுற பாத்திரத்துல கார்புரேட்டர் மண்ணெண்ணெயில ஊறுது. என் மாவுச் சல்லடையில நட்டு போல்ட்டு காயுது. வேற சமயமா இருந்தா வீட்டை ரெண்டாக்கியிருப்பேன். எனக்கு ஷெட்டைக் காலி பண்ணிக் கொடுக்கத்தானே இந்த மனுஷன் இப்படி இடுப்பொடியறார்னு, வாயை மூடிக்கிட்டு முதுகுக்குத் தைலம் தேய்ச்சுவிட்டேன். மிச்சமிருந்த ரெக்சின்ல சீட்டுக்கு உறை கூட தைச்சுக் கொடுத்தேன்.

நடுவுல ஒரு நாள் சந்தேகம் வந்து கேட்டேன். "இழுத்துத்தான் எடுக்கணுமோ?"

"இழுக்கிறதா? சாவியைத் திருப்பினா எடுத்துடலாம். பார்த்துக்கிட்டே இரு."

பார்த்துக்கிட்டே இருந்தேன்.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. என் தம்பி சரக்கு வேன் ஓட்டுறான். அவன் வேன்ல எனக்கு வாங்கின தையல் மெஷின்களை ஏத்திக்கிட்டு வாசல்ல வந்து நின்னான். அதே நேரத்துல ஷெட்டுக்குள்ள ஒரு இருமல், அப்புறம் ஒரு உறுமல். தெருவே திரும்பிப் பார்த்துச்சு. எதிர்வீட்டு அக்கா காயப்போட்ட துணியைப் போட்டது போட்டபடி விட்டுட்டு ஓடி வந்தாங்க. புகைக்கு நடுவுல இவர் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு, பல்லு மட்டும் வெள்ளையா, உட்கார்ந்திருந்தார்.

"எடுத்துட்டேன்ம்மா" ன்னார்.

"எங்கங்க எடுத்தீங்க? அங்கேயேதானே நிக்குது?"

"எடுத்துட்டேனே. சத்தம் கேக்கலையா உனக்கு?"

"சத்தத்தை வெச்சு நான் என்ன பண்றது? மெஷினை எங்க வைக்கிறது?"

"ஹால்ல."

எனக்கு அப்போதான் உறைச்சுது. தம்பிக்கும் உறைச்சுடுச்சு போல, வேனுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறான்.

"நான் வண்டியை எடுக்கச் சொன்னது வெளியே எடுக்க" ன்னேன்.

இவர் என்ஜினை நிறுத்தினார். "திறப்பு நாளுக்கு உன்னை வெச்சு ஒரு சுத்து ஓட்டணும்னு நீ ஆசைப்படறதா நினைச்சேன்" ன்னார், மெதுவா. "எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?"

கோபம் மூக்குக்கு மேல நிக்குது, இப்படிச் சொல்ற ஆள்கிட்ட அதை எப்படிக் கொட்டறது? பாவமாவும் இருந்துச்சு, அழுகையாவும் வந்துச்சு. விடிஞ்சா தையல் கத்துக்கப் பொம்பளைங்க வந்துடுவாங்க, எங்க ஹால்ல ரெண்டு மெஷின் கூட நிக்காது. எனக்கு உட்கார ஒரு ஸ்டூல் கூட மிச்சமில்லை.

"சரி. அதான் ஓடுதே. பின்னாடி எடுங்க" ன்னேன்.

இவர் கியரைப் பிடிச்சு ஆட்டினார். தலையைச் சொறிஞ்சார். "ரிவர்ஸ் மட்டும் விழ மாட்டேங்குது. அது அடுத்த மாசம் பார்க்கலாம்னு..."

முன்னால சுவரு. பின்னால போக கியர் இல்லை. முன்னாடி நின்னு தள்ளலாம்னா, மூக்குக்கும் சுவத்துக்கும் நடுவுல பூனை கூட நுழையாது. தம்பி மெஷின் கட்டி வந்த கயித்தை ஜீப்புக்குப் பின்னால கட்டி வேனால இழுத்தான். கயிறு பட்டுனு அறுந்துச்சு. முடிச்சுப் போட்டு மறுபடி இழுத்தான், மறுபடி அறுந்துச்சு.

"நாளைக்கு நல்ல கயிறா பார்த்துக்கலாம்க்கா" ன்னான்.

"நாளைக்கு எனக்கு வகுப்பு இருக்குடா."

நேரா வேன்ல ஏறினேன். மெஷினோட சேர்த்து, வகுப்புல பை தைக்க வாங்கின கேன்வாஸை நீளமா வெட்டி, மடிப்பு மேல மடிப்பா மடிச்சு, கயித்துக்குப் பதிலா ஒரு பட்டையாக்கினேன். கால் மெஷினை வேனுக்குள்ளேயே வெச்சு, தடிச்ச ஊசியைப் போட்டு மிதிக்க ஆரம்பிச்சேன். குறுக்கே தையல், நெடுக்கே தையல், மேலே இன்னொரு தையல். இவர் மேல இருந்த கோபம் பூரா காலுக்கு இறங்கிடுச்சு. எதிர்வீட்டு அக்கா பட்டையோட மறுமுனையைப் பிடிச்சுக்கிட்டு, "இது பிரிஞ்சா?" ன்னாங்க.

"நான் தைச்சது பிரியாது."

பிரியல. தம்பி வேனால இழுத்ததும் பட்டை விறைச்சுது, ஜீப்பு முனகுச்சு, ஒரு குலுக்கு குலுக்கி வழுக்கிக்கிட்டு வெளியே வந்துச்சு. இவர் இறங்கி வந்து அந்தப் பட்டையைக் கண்ணுகிட்ட கொண்டுபோய், லென்ஸைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "ஒரு தையல் கூட விலகல" ன்னார். என் வேலையைப் பத்தி இத்தனை வருஷத்துல இவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். அப்புறம் நான் சொல்லாமலேயே துடைப்பத்தை எடுத்துக்கிட்டு ஷெட்டுக்குள்ள போனார். எண்ணெய்க் கறை போற வரைக்கும் மண்டி போட்டுத் தேய்ச்சார்.

திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பிச்சுது. முதல் ஆளா எதிர்வீட்டு அக்காவே வந்து உட்கார்ந்தாங்க. கொஞ்ச நேரத்துல வானம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. தெருவோரம் நிக்கிற ஜீப்புக்குக் கூரை கிடையாது. இவர் ஷெட்டு வாசப்படியில வந்து நின்னார், செருப்பைக் கூடக் கழட்டி விட்டுட்டு.

"அளவு எடுக்கணும்" ன்னார்.

"எடுக்கணும்னா? என்ன எடுக்கணும், எதுக்கு எடுக்கணும், முழுசா சொல்லுங்க."

"ஜீப்புக்கு மேல் கூரை தைக்க, இன்ச் டேப்பால, நீளம் அகலம் அளவு எடுக்கணும்."

டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு எழுந்தேன். வகுப்பு மொத்தமும் பின்னாலேயே வந்துச்சு. எதிர்வீட்டு அக்கா ஜீப்பை ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, "இது ரிவர்ஸ் போகாதாமே? அப்புறம் இதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" ன்னு கேட்டாங்க.

இவர் வாயைத் திறக்கிறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன்.

"முன்னால போகுதில்லக்கா, அது போதும். நான் மட்டும் என்ன, ரிவர்ஸ் வெச்சுக்கிட்டா வேலையை விட்டேன்? அந்த நுனியைப் பிடிங்க."