கெண்டி பிடிக்கிற கை

ஃபவ்வாஸ் சாப்பிட்டு ஊரில் யாரும் பார்த்ததில்லை. இருபத்தைந்து வருஷமாகப் பார்த்ததில்லை. கல்யாணமோ சாவோ, பிள்ளை பிறந்த விருந்தோ, எங்கே கறியும் சோறுமாக மன்சஃப் தட்டு வந்து இறங்கினாலும் அவன் ஒரு ஓரமாகக் காப்பிக் கெண்டியோடு நிற்பான். "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம்" என்பான். அந்த அப்புறம் என்றைக்காவது வந்ததா என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். கரக் ஊரே அதை அவனுடைய பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டது. "விருந்தாளி வயிறு நிறையாம ஒரு பருக்கை தொட மாட்டான்ப்பா" என்று பெரிசுகள் மெச்சிக்கொள்ளும். மெச்சட்டும், யார் வேண்டாமென்றது? உண்மை என்னவென்றால் அந்த மனுஷனுக்குச் சோத்தாங்கையால் சாப்பிட வராது.

பிறந்ததிலிருந்தே அவனுக்கு எல்லாமே இடது கைதான். அவனுடைய அப்பா சும்மா விடவில்லை. சாப்பாட்டு வேளை வந்தால் தன் தலைத்துணியை அவிழ்த்து, பையனின் இடது கையை முதுகோடு சேர்த்துக் கட்டிவிடுவார். "கழுவுற கையைத் தட்டுல நீட்டுறியே, வெக்கமா இல்ல உனக்கு?" பள்ளிக்கூடத்தில் வாத்தியாரின் பிரம்பு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. அடிக்குப் பயந்து எழுத்து வலது கைக்குப் போயிற்று, கோழி கிளறின மண் மாதிரி. சோறு மட்டும் போகவில்லை. மன்சஃப் சோறு என்றால் சும்மாவா? தயிர்க் குழம்பும் நெய்யும் ஊறி, கொதிக்கக் கொதிக்க இருக்கும். அதை விரல் நுனியில் உருட்டி, உள்ளங்கையில் ஒட்டாமல் கட்டைவிரலால் வாய்க்குள் தள்ள வேண்டும். அவன் வலது கையில் உருண்டை நிற்கவே நிற்காது. வீட்டு விருந்துகளில் சட்டையெல்லாம் சோறும் கண்ணெல்லாம் தண்ணீருமாக எழுந்து ஓடுவான். சித்தப்பா பிள்ளைகள் பின்னாலேயே "நொட்டாங்கை, நொட்டாங்கை" என்று கத்திக்கொண்டு வரும்.

பதிமூன்று வயதில் ஒரு சாவு வீட்டில், ஆள் போதாமல், யாரோ காப்பிக் கெண்டியை அவன் கையில் திணித்தார்கள். கெண்டி இடது கையில், கோப்பை வலது கையில். அதுதானே எங்கள் முறை? ஊற்றுகிற கை இடது, கொடுக்கிற கை வலது. அத்தனை ஆண்களுக்கும் ஊற்றி முடித்தான். நூல் பிடித்த மாதிரி காப்பி இறங்கியது, ஒரு சொட்டு வெளியே போகவில்லை. "அடேயப்பா, என்ன கைடா உனக்கு!" என்றார் ஒருவர். அந்தக் கையை ஒருத்தர் புகழ்ந்தது அதுவே முதல் தடவை. அன்றைக்குப் பிடித்த கெண்டியை அவன் அப்புறம் விடவில்லை.

நிம்மதியாகச் சாப்பிட அவனுக்கு இருந்த இடம் ஒன்றே ஒன்று, வீட்டுச் சமையலறைத் தரை. எட்டு வயசு மகள் வஸன் அப்பனை உரித்து வைத்தவள், கை உட்பட. விருந்தாளிகள் போனபின் மிச்சச் சோற்றைச் சின்னத் தட்டில் போட்டு, கதவைத் தாழிட்டு, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து இடது கையால் வாரி வாரித் தின்பார்கள்.

"இது நம்ம ரெண்டு பேர் ரகசியம். வெளியில மட்டும் சோத்தாங்கை. சரியா?"

"சரி பாபா."

இப்போதெல்லாம் பள்ளிக்கூடத்தில் எந்தக் கையால் எழுதினாலும் டீச்சர் ஒன்றும் சொல்வதில்லை. வெட்கப்படச் சொல்லிக்கொடுத்தது இவன்தான். மனைவி ஹைஃபா ஒருநாள் கேட்டேவிட்டாள். "அவளுக்கு இருக்கிறது கை. அதைத் திருட்டுப் பொருள் மாதிரி ஏன் ஒளிக்கச் சொல்றீங்க?" அவன் பேச்சை மாற்றிவிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம், தம்பி காசிமுக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்த வீட்டார் முதல் தடவையாக விருந்துக்கு வந்திருந்தார்கள். அப்பா போனபின் வீட்டுக்குப் பெரியவன் ஃபவ்வாஸ்தான். சம்பந்திகள் முன்னால் மானம் போய்விடக் கூடாது, அது ஒன்றுதான் அவன் கவலை. பெண்ணின் பெரியப்பா அபூ தலால் அந்தப் பக்கத்துக்குத் தலை. ஆள் மலை மாதிரி, தொண்டை அதைவிடப் பெரிசு.

தட்டு வந்தது. ஆண்கள் அதைச் சுற்றி நின்றார்கள். ஃபவ்வாஸ் வழக்கம்போலக் கெண்டியை எடுத்துக்கொண்டு ஓரம் கட்டினான்.

"எங்கேப்பா போறே?" என்றார் அபூ தலால்.

"நீங்க சாப்பிடுங்க ஹாஜி. நான் அப்புறம்."

"காப்பி எங்கேயும் ஓடிப்போகாது. வை அதை. வந்து எங்களோட கை நனை."

"இல்ல ஹாஜி, நீங்க முதல்ல..."

"நனைக்கலேன்னா என் பொண்டாட்டிக்கு மூணு தலாக்! ஆண்டவன் மேல ஆணை!"

பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கிழட்டுக் குரல் சீறியது. "ஏன்யா, இந்த மாசத்துல இது மூணாவது தடவை! மகனே ஃபவ்வாஸ், உனக்குப் புண்ணியமாப் போகும், ஒரு வாய் சாப்பிட்டு என் குடும்பத்தைக் காப்பாத்து!"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. ஃபவ்வாஸும் சிரித்தான். ஒருத்தர் தலாக் சொல்லி ஆணையிட்டபின் மறுக்க முடியுமா? கெண்டியைத் தணல் பக்கத்தில் வைத்தான். போய்க் கை கழுவினான். நேரத்தைக் கடத்த மூன்று தடவை கழுவினான்.

தட்டருகே நின்று, மற்றவர்களைப் போலவே இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அப்பா கட்டிவைத்த அதே இடம். முதல் பிடியை உருட்டினான். பாதி வழியில் உடைந்து தட்டின் விளிம்பில் கொட்டியது. இரண்டாவது சட்டையில் விழுந்தது. மூன்றாவதில் ஏதோ கொஞ்சம் வாய்க்குப் போயிற்று.

"என்னண்ணே, கோழிக்குத் தீனி போடுறீங்களா?" என்றான் எதிரே நின்ற ஒரு இளவட்டம்.

"சூடு" என்றான் ஃபவ்வாஸ்.

"ஆறின மன்சஃபை எவன் திம்பான்?"

மறுபடி சிரிப்பு. முப்பத்தெட்டு வயசு ஆம்பிளைக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது. தரை பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்து வஸன் குழம்புச் செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்பா தட்டில் கை வைத்து நிற்பதைப் பார்த்ததும் அவள் முகம் பூரித்துப்போயிற்று. அப்பா சாப்பிடுகிறார் என்றால் அவளுக்குச் சமையலறைத் தரைதான் ஞாபகம். வேறு எங்கும் அவர் சாப்பிட்டு அவள் பார்த்ததே இல்லை.

"வாம்மா கண்ணு, தாத்தா பக்கத்துல வா" என்றார் அபூ தலால். நல்ல கறித்துண்டாகப் பார்த்துப் பிய்த்து நீட்டினார்.

வஸன் செம்பை இறக்கி வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். இடது கை.

அபூ தலால் கறியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அடடே! அந்தக் கையாலயா? சைத்தான்தான் அப்படிச் சாப்பிடுவான். யாரு உனக்கு இதைக் கத்துக்குடுத்தது?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை, விளையாட்டாகத்தான் கேட்டார். வஸன் பதில் தேடி அப்பா முகத்தைப் பார்த்தாள்.

சொல்லிவிடுவாள் என்று நினைத்தான் ஃபவ்வாஸ். அது ஒன்றுதான் அவன் மண்டையில் ஓடியது, சொல்லப்போகிறாள், இத்தனை பேர் முன்னால் சொல்லப்போகிறாள். பளாரென்று அவள் கையில் ஒன்று வைத்தான்.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! எல்லாம் இவங்க அம்மா குடுக்கிற செல்லம் ஹாஜி."

திரைக்குப் பின்னால் ஹைஃபா இருக்கிறாள், கேட்டிருப்பாள் என்பது வாயை விட்டபின்தான் உறைத்தது. வஸன் அழவில்லை. அப்பாவிடம் அவள் அதுவரை அடி வாங்கினதில்லை. அடி விழுந்த கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அட, அடிக்காதேய்யா. சின்னப் புள்ளை" என்று முகம் சுளித்தார் அபூ தலால். "நீ சாப்பிடும்மா."

வஸன் பெரியவர்கள் செய்கிற மாதிரியே இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். வலது கையால் சோற்றை அள்ளினாள். அது உடைந்து விளிம்பில் கொட்டியது. மறுபடி அள்ளினாள், மறுபடியும் கொட்டியது.

அபூ தலால் தட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒன்பது பேருக்கு முன்னால் விளிம்பு துடைத்த மாதிரி இருந்தது. இரண்டு பேருக்கு முன்னால் மட்டும் சோறு இறைந்து கிடந்தது, ஒரே மாதிரி. கிழவர் ஃபவ்வாஸின் பக்கம் குனிந்தார். அந்தப் பெரிய தொண்டையை ஆச்சரியமாக எவ்வளவோ தணித்துக்கொண்டு கேட்டார்.

"உனக்கும் அந்தக் கைதானா?"

ஃபவ்வாஸ் விளிம்பில் கிடந்த சோற்றை வழித்துத் தட்டுக்குள் தள்ளினான்.

"சொல்லுப்பா, அதனால என்ன? என் பையன் தலாலும் அப்படித்தான். நானும் ஒரு காலத்துல குதிச்சேன். அப்புறம் போடா, எந்தக் கையாலயோ தின்னுட்டுப் போன்னு விட்டுட்டேன். ஆண்டவன் குடுத்தது, நான் என்ன பண்ண?"

ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்று ஒரு வார்த்தை. ஆனால் அதைச் சொன்னால் இப்போது அடித்த அடிக்கு என்ன பெயர்? அதே கையை வைத்துக்கொண்டா பெற்ற பிள்ளையை அடித்தாய் என்று கேட்க மாட்டார்களா? கேட்காவிட்டாலும் நினைக்க மாட்டார்களா?

"இல்ல ஹாஜி. மணிக்கட்டு சுளுக்கு" என்றான்.

கிழவர் அவனை ஒரு பார்வை பார்த்தார். நம்பவில்லை என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. அப்போது கீழேயிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"ஆமா தாத்தா. பாபா நேத்து ஏணியிலேருந்து விழுந்துட்டாங்க. ராத்திரியெல்லாம் வலிக்குதுன்னு சொன்னாங்க."

நேற்று ஏணியும் இல்லை, வலியும் இல்லை. கேட்பவர்களுக்கு ஒரு சந்தேகமும் வராதபடி சொன்னாள். "பாவம்ப்பா" என்றான் கோழித் தீனி இளவட்டம். "முன்னாடியே சொல்லக் கூடாதா?" ஃபவ்வாஸ் தலையைக் குனிந்துகொண்டான். மகள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

சாப்பாடு முடிந்து காப்பி ஊற்றினான். சுளுக்கு வலது மணிக்கட்டில்தானே, கெண்டி பிடிக்கத் தடையில்லை. முதல் கோப்பையை அபூ தலாலுக்குக் கொடுத்தான். நூல் பிடித்த மாதிரி காப்பி இறங்கியது. "சும்மா சொல்லக் கூடாது, என்ன கைப்பா!" என்றார்கள். அபூ தலால் மட்டும் ஒன்றும் சொல்லாமல் குடித்து, போதும் என்று கோப்பையை ஆட்டிக் கொடுத்தார். அந்தப் புகழ்ச்சி ஒவ்வொன்றும் அவனுக்குச் செருப்படி மாதிரி விழுந்தது. கூடத்து வாசலில் வஸன் நின்று அவன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் எல்லாரும் கிளம்பினார்கள். கல்யாணப் பேச்சு நல்லபடியாகவே முடிந்தது. காசிம் அண்ணனைக் கட்டிப்பிடித்து, "உன்னாலதான் நம்ம மானம் தப்பிச்சுது" என்றான். ஹைஃபா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு முற்றத்துக் குழாயடிக்குப் போய்விட்டாள். அவன் எடுத்து நீட்டிய குழம்புச் செம்பை மட்டும் வாங்கவில்லை.

ஃபவ்வாஸ் சின்னத் தட்டில் சோறு போட்டு, வஸனுக்குப் பிடித்த நெஞ்சுக்கறியை மேலே வைத்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்தான்.

"வஸன், வாம்மா. பசிக்கலயா?"

வந்தாள். முதலில் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டு, சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தாள்.

"நீங்க சாப்பிடுங்க பாபா. இனிமே யாரும் பாக்க மாட்டாங்க."

பேசினால் அழுதுவிடுவோம் என்று பயந்து, இடது கையால் ஒரு உருண்டை உருட்டினான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. வஸன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். வலது கையால் அள்ளினாள். சோறு மடியில் கொட்டியது.

"என்னம்மா இது? இங்கதான் யாரும் இல்லையே. அந்தக் கையாலயே சாப்பிடு."

வஸன் தலை நிமிரவில்லை. மடியில் விழுந்த பருக்கைகளை வலது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டாள்.

"நீங்க இருக்கீங்களே" என்றாள்.